இருபத்தொரு பந்துகள் யாருடையவை

கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, அமில பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டி, உப்புகளை எடைபோட்டுத் தருகிற உதவியாளரை மாணவிகள் யாரும் பதவிப் பெயரால் கூப்பிடுவதில்லை. புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில், ஒரு கால் குட்டையான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பெண்கள் அணியின் புள்ளிகளைப் பத்தொன்பது வருடமாக எழுதிவருவதால் வந்த பெயர் அது. நாற்பத்தாறு வயதாகிறது. இதுவரை ஒரு பந்தைக்கூடக் கூடைக்குள் போட்டதில்லை. ஒரே ஒருமுறை முயன்றதாகவும், அது மாஸ்டரின் டீக் கோப்பையைக் கவிழ்த்துவிட்டதாகவும் ஒரு வதந்தி உண்டு.

"கோப்பை காலியாத்தான் இருந்துச்சு" என்று திருத்துவார். தகவல் பிழை அவருக்கு ஆகாது.

அவருக்கு முன்னால் புள்ளி எழுதிக்கொண்டிருந்தவர் ஓவிய ஆசிரியர். அவர் வேறு ஊருக்குப் போனபோது, யாரைப் பிடிப்பது என்று உடற்பயிற்சி ஆசிரியர் அலைந்தார். ஆய்வகப் பக்கம் வந்தவர் பாட்டில்களில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்தார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. அன்று மாலையே மேசையில் உட்காரவைத்துவிட்டார். பயிற்சி ஒரு மணி நேரம். ஓவிய ஆசிரியர் போகிற போக்கில் சொல்லிக்கொடுத்தது நாலைந்து விதிகள். கூடையில் விழாமல் தெறித்துவரும் பந்தைக் கைப்பற்றினால் அதற்கு ரீபவுண்ட் என்று பெயர். கடைசியில் பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. அவ்வளவுதான்.

உடற்பயிற்சி ஆசிரியரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். நல்ல மனிதர். ஆனால் ராசி பார்ப்பவர். ஜெயித்த அன்று போட்டிருந்த பனியனை அடுத்த தோல்விவரை துவைக்கமாட்டார். ஒரு வருடம் அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தது. ஆறாவது ஆட்டத்தில் நடுவர்கள் அவரிடம் பேச வேண்டியிருந்தபோதெல்லாம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். எதிரணி வேண்டுமென்றே தோற்கிறதோ என்று சொந்தப் பக்கமே சந்தேகப்பட்டது.

புள்ளியக்கா வேறு ரகம். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். வீட்டில் பால் புளித்துவிட்டது என்று கணவர் சொன்னால், "முகர்ந்து பார்த்தீங்களா, இல்ல தேதிய மட்டும் பார்த்தீங்களா?" என்று கேட்பார். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மேலும் கீழும் போய்ப் பழகியவர் என்பதால் மனைவியின் குறுக்குவிசாரணைக்கு அசரமாட்டார். "ரெண்டும் இல்ல, குடிச்சுப் பார்த்தேன்" என்பார்.

போன வருடம் புள்ளியக்கா ஒரு சண்டை போட்டார். கல்லூரிச் செயலாளரின் அக்கா மகள் அணியில் சேர்க்கப்பட்டிருந்தாள். அந்தப் பெண் ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி யாரும் பார்த்ததில்லை, நடந்து பார்த்திருக்கிறார்கள். அவளுக்காக நன்றாக ஆடுகிற ஒருத்தியை நீக்கினார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அணியில் இடம் போனால் விடுதி அறையும் போய்விடும். நீக்கப்பட்டவள் அந்த மாதமே படிப்பை விட்டுவிட்டாள். புள்ளியக்கா பதிவேடுகளைச் சுமந்துகொண்டு புதிய முதல்வர் அம்மையாரின் அறைக்குப் போனார். மேசையைத் தட்டிப் பேசினார். யார் சொந்தக்காரர் என்று பார்த்து இடம் கொடுப்பது திருட்டு என்றார். எண்கள் பொய் சொல்லாது என்றார். முதல்வரும் ஒப்புக்கொண்டார். இந்த வருடத்திலிருந்து முதல் நான்கு ஆட்டங்களின் எண்களை வைத்துத்தான் பன்னிரண்டு பேர் பட்டியல். புள்ளியும் ரீபவுண்டும் கூட்டி யார் கடைசியோ அவர் வெளியே. சிபாரிசுக் கடிதம் கிடையாது.

நான்கு ஆட்டங்களும் சொந்த மைதானத்தில் முடிந்தன. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. பதினான்கு பேரில் ஒருத்திக்கு முழங்கால் பிசகி அவளாகவே விலகிவிட்டாள். மீதி பதின்மூன்று. ஒருத்தியை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு புள்ளியக்கா முதல்வர் கேட்டிருந்த அணியின் வருடாந்தர மதிப்பீட்டை எழுத உட்கார்ந்தார். ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம்.

பலத்தில் முதல் வரி கேப்டன். நான்கு ஆட்டத்தில் நாற்பத்தேழு ரீபவுண்ட். லீக்கிலேயே முதலிடம். இரண்டாவது, வேகம். மூன்றாவது, கடைசி ஐந்து நிமிடத்திலும் மூச்சு வாங்காத கால்கள். பலவீனத்தில் முதல் வரி ஃப்ரீ த்ரோ: யாரும் தடுக்காமல், கும்பிட்டுக் கொடுத்த மாதிரி கிடைக்கிற வாய்ப்பில் பாதிக்குமேல் வெளியே. இரண்டாவது, இடதுகைப் பக்கம் போகத் தெரியாதது. மூன்றாவதாக எழுத வேண்டிய பெயரில் பேனா நின்றது.

அந்தப் பெயருக்கு உரியவளை அணியில் ஒட்டடைக்குச்சி என்பார்கள். ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. அகலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதலாம் ஆண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். வீடு இரண்டு பேருந்தும் ஒரு ரயிலும் தாண்டி இருந்தது. அப்பா குப்பை லாரி ஓட்டுகிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். நான்கு ஆட்டத்தில் ஆறு புள்ளி, மூன்று ரீபவுண்ட், ஆக ஒன்பது. அவளுக்கு மேலே செயலாளரின் அக்கா மகள், பதினைந்து.

புள்ளியக்கா மறுபடி கூட்டிப் பார்த்தார். சொந்தக்காரி இருக்கிறாள், ஒட்டடைக்குச்சி போகிறாள். அதுவும் அவர் சண்டைபோட்டு வாங்கிய விதியின்படியே போகிறாள்.

"என்ன அண்ணி, கடிதம் எழுதறீங்களா, இல்ல உயில் எழுதறீங்களா? மூஞ்சி ரெண்டுக்கும் பொருந்துது" என்றபடி நாத்தனார் எதிரே உட்கார்ந்தாள். பல் மருத்துவமனையில் செவிலி. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்கு வந்து எல்லாரையும் வாயைத் திறக்கவைப்பது அவள் வழக்கம்.

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். "உங்க கேப்டனுக்கு மூணாவது மேட்ச்ல பேதியா?"

"ஏன்?"

"முதல் பாதியில எட்டு கோடு. ரெண்டாவது பாதியில ஒண்ணு."

"இடைவேளையில அவ ஹேர் பேண்டு அறுந்துபோச்சு. அந்தச் சிவப்பு பேண்டு ராசியானது, அது போனதால ஆட்டமும் போச்சுன்னு மாஸ்டர் சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

 புள்ளியக்கா பதிவேட்டை மறுபடி தன் பக்கம் திருப்பினார். மூன்றாவது ஆட்டம், இரண்டாவது பாதி. ஒட்டடைக்குச்சிக்குக் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவரே ஓரத்தில் குறித்திருந்தார். மற்ற ஆட்டங்களையும் பார்த்தார். அவள் உள்ளே இருந்த நிமிடங்களில் கேப்டன் பெயருக்கு நேரே கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவள் வெளியே போனதும் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி.

"ஒண்ணு பேண்டு, இல்லேன்னா பொண்ணு" என்றார்.

"ரெண்டுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"உப்பு எதுன்னு கண்டுபிடிக்கிற மாதிரிதான். ஒண்ண எடுத்துட்டுப் பார்க்கணும். அப்புறம் இன்னொண்ண எடுத்துட்டுப் பார்க்கணும்."

திங்கட்கிழமை காலை மாஸ்டரிடம் போய், "மாஸ்டர், அந்தச் சிவப்பு பேண்டு ராசியானதான்னு சோதிச்சுப் பார்த்துடலாமா?" என்றார். ஒட்டடைக்குச்சியைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது வருடமாகத் தன்னைக் கிண்டல் செய்த அம்மாள் இன்று வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தார். "இப்பவாவது புரிஞ்சுதே உங்களுக்கு. எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்கம்மா" என்றார். புதிதாக மூன்று சிவப்பு பேண்டு அவரே வாங்கிக்கொண்டு வந்தார்.

மூன்று மாலைகள். ஒவ்வொரு மாலையும் பத்துப் பத்து நிமிடமாக நான்கு ஆட்டம். பேண்டும் உண்டு, ஒட்டடைக்குச்சியும் உண்டு. பேண்டு இல்லை, ஒட்டடைக்குச்சி உண்டு. பேண்டு உண்டு, ஒட்டடைக்குச்சி இல்லை. இரண்டும் இல்லை. வரிசையை ஒவ்வொரு நாளும் மாற்றினார், களைப்பைக் காரணம் காட்ட இடம் கொடுக்கக் கூடாது என்று. கேப்டன் பேண்டைக் கழற்றும்போதெல்லாம் பல் பிடுங்கக் கொடுப்பவள்போல முகத்தைச் சுளித்தாள். ஆனால் கழற்றினாள்.

புதன்கிழமை கூட்டிப் பார்த்தபோது கேப்டனின் ரீபவுண்டுகள் இப்படி இருந்தன: இரண்டும் இருந்தபோது பதினேழு. பேண்டு மட்டும் இல்லாதபோது பதினெட்டு. ஒட்டடைக்குச்சி மட்டும் இல்லாதபோது ஆறு. இரண்டும் இல்லாதபோதும் ஆறு.

மாஸ்டர் தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "அப்ப பேண்டு?"

"நல்ல பேண்டுதான் மாஸ்டர். முடி கண்ணுல விழாது."

ஒட்டடைக்குச்சியை மேசைக்குக் கூப்பிட்டார். "போர்டுக்குக் கீழ நீ என்னம்மா பண்ற?"

அவள் ஏதோ குற்றம் செய்து மாட்டிக்கொண்டவள்போல நின்றாள். "பிடிச்சா பிடுங்கிடுவாங்க அக்கா. என் கையில பலம் இல்ல. அதான் பிடிக்காம விரல்ல தட்டி விட்டுடுவேன், ஆளில்லாத பக்கமா. கேப்டன் அங்க வந்து நிப்பாங்க."

"வேணும்னேதான் தட்டறியா?"

"வேணும்னேதான். கேப்டன் கண்ணக் காட்டுவாங்க."

"நான் அத்தனையும் கேப்டன் பேர்ல எழுதறேன்னு தெரியுமா?"

"தெரியும் அக்கா. அதான் ரூல்னு நெனச்சேன்."

புள்ளியக்கா நேரே ஆய்வகத்துக்குப் போனார். அலமாரியின் அடித்தட்டில் புள்ளி எழுதுவோருக்கான விதிக் கையேடு இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் அதைப் புரட்டியது ஃபவுல் சந்தேகங்களுக்காக மட்டும். ரீபவுண்ட் பக்கத்தைத் திறந்ததே இல்லை. தெரிந்த விஷயத்தைத் திறந்து பார்ப்பானேன் என்ற அலட்சியம். இப்போது திறந்தார். பந்தைக் கட்டுப்பாட்டோடு தோழியிடம் தட்டிவிட்டால் ரீபவுண்ட் தட்டியவருக்கே சேரும் என்று தெளிவாக எழுதியிருந்தது.

குடிக்கிற பாலைக்கூடச் சோதிக்கிறவர், ஓவிய ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் சொன்னதை மட்டும் அப்படியே விழுங்கியிருந்தார். கையில் வைத்திருப்பவனுக்கே பொருள் சொந்தம், உழைத்துக் கொடுத்தவனுக்கு ஒன்றுமில்லை என்பது உலகத்தில் நெடுநாளாக நடக்கிற அநியாயம். அதை எதிர்த்து மேசையைத் தட்டிய கையே அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

நடந்து முடிந்த நான்கு ஆட்டங்களை எப்படித் திருத்துவது? ஞாபகத்தை வைத்து எழுதுவது அவருக்கு ஏமாற்று வேலை. யாராவது வீடியோ எடுத்தார்களா என்று விசாரித்தார். கேப்டனின் சித்தப்பா நான்கையும் முழுதாக எடுத்திருந்தார்.

சித்தப்பா பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை மாலை புள்ளியக்காவும் கேப்டனும் அங்கே போனார்கள். கணினியில் படம் ஓடத் தொடங்கியதும் விஷயம் புரிந்தது. சித்தப்பா ஆட்டத்தை எடுக்கவில்லை. அண்ணன் மகளை எடுத்திருந்தார். நாற்பது நிமிடமும் திரை முழுக்கக் கேப்டன்தான். எதிரணி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. பந்துகூட விருந்தாளி மாதிரி எப்போதாவதுதான் வந்துபோனது.

"பொண்ணு தெளிவா விழணும்ல" என்றார் சித்தப்பா. "தோளுக்குமேல முகம் நேரா இருக்கு பாருங்க. விசாவுக்கே எடுத்துப்பாங்க."

அதுவே உதவியாகப் போயிற்று. கேப்டன் கைக்குப் பந்து வந்த ஒவ்வொரு முறையும் படத்தில் இருந்தது. பல முறை அது வருவதற்கு ஒரு நொடி முன்னால், திரையின் மேல் மூலையிலிருந்து உடம்பில்லாத ஒரு ஒல்லிக் கை நீண்டு, விரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டுப் போனது.

"ஒண்ணு" என்றாள் கேப்டன், சிரித்துக்கொண்டே. "ரெண்டு. பாருங்க சித்தப்பா, பேய்ப் படம் மாதிரி இருக்கு."

எட்டாவது கைக்குமேல் சிரிப்பு நின்றது. பதினான்காவதில் எண்ணுவதையும் நிறுத்திவிட்டு, "மிச்சத்த நீங்களே எண்ணிக்குங்க அக்கா" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். லீக்கில் முதலிடம் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

புள்ளியக்கா கடைசிவரை எண்ணினார். "இருபத்திரண்டு."

"பதினேழாவது என்னோடது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேர் கையும் ஒண்ணாப் பட்டுச்சு. நான்தான் இழுத்தேன்."

"எண்ணறத நிறுத்திட்டேன்னு சொன்ன?"

"வாயாலதான் நிறுத்தினேன்."

பதினேழாவதை ஆறு முறை ஓட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா முகத்துக்குப் பதிலாக விரல்களைப் பெரிதாக்கிக் காட்டினார். கேப்டன் சொன்னது சரி. இருபத்தொன்று ஆயிற்று. அப்படியானால் கேப்டனுக்கு இருபத்தாறு. லீக்கில் ஆறாவது இடம். ஒட்டடைக்குச்சிக்கு இருபத்துநான்கு.

"உனக்குக் கோபமாம்மா?"

"ஆமா" என்றாள் கேப்டன். நாற்காலியை மறுபடி முன்னால் இழுத்தாள். "ஆனா அவ போயிட்டா எனக்கு யாரு தட்டுவா? ஆறுதான் வரும்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க."

வெள்ளிக்கிழமை காலை முதல்வர் அறையில் மாஸ்டரும் இருந்தார். புள்ளியக்கா பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, விதிக் கையேட்டைத் திறந்து காட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

மாஸ்டருக்குப் பேண்டு வருத்தம் இன்னும் ஆறவில்லை. "எண்ணு பொய் சொல்லாதுன்னு போன வருஷம் இதே மேசையத் தட்டினீங்களேம்மா" என்றார்.

"எண்ணு பொய் சொல்லல மாஸ்டர். நான் சொன்னேன். தெரியாம."

முதல்வர் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வழக்கம் எத்தனை வருஷமா?"

"பத்தொன்பது."

"பழசையெல்லாம் திருத்த முடியுமா?"

"முடியாது மேடம். வீடியோ இல்ல." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஒரு கோடுகூட இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அவரிடம் எண் இல்லை.

"செயலாளர் கேட்பாரு. அவங்க பொண்ணுன்னா மட்டும் கணக்கு மாறுதான்னு கேட்பாரு."

"கேட்கட்டும் மேடம். அந்தப் பொண்ணு பேர்ல நான் போட்ட கோடு எதையும் தொடல. அவளும் தட்டறாளான்னு மாஸ்டர்கிட்டயும் கேப்டன்கிட்டயும் கேட்டுட்டேன். இல்லன்னாங்க. அந்தப் பதினஞ்சு பதினஞ்சாவே நிக்குது. இவ ஒன்பதுதான் முப்பதாச்சு. வீடியோ மேசையில இருக்கு. அவரும் உட்கார்ந்து எண்ணட்டும், டீ நான் வாங்கித் தரேன்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "அந்தக் குச்சி நிக்கட்டும் மேடம்" என்றார். "பேண்டு வேலை செய்யலன்னு மூணு நாள் கண்ணால பார்த்துட்டேன். வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

முதல்வர் புதிய தாளை எடுத்துக் கையெழுத்துப் போடப்போனவர் நிறுத்தினார். பட்டியலுக்குக் கீழே, பலவீனம் என்ற பக்கத்தில் ஃப்ரீ த்ரோ இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. முதல் வரி இப்படி இருந்தது: புள்ளி எழுதுபவர். பந்து சேர்ந்த கையைப் பார்க்கிறார், அனுப்பிய கையைப் பார்ப்பதில்லை.

"இது இருக்கணுமா?"

"இருக்கட்டும் மேடம். பலவீனத்தத்தானே கேட்டிருக்கீங்க."

கையெழுத்து விழுந்தது.

புள்ளியக்கா தாளோடு விடுதிக்கு நடந்தார். முதல் மாடியில், மூன்று பேர் தங்கும் அறையில், ஒட்டடைக்குச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி பூட்டியிருந்தது. மெத்தை சுருட்டிக் கயிறு கட்டியிருந்தது. பட்டியல் என்ன ஆகும் என்று அவளும் கூட்டிப் பார்த்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒன்பதை வைத்து.

"கட்டினதப் பிரி" என்றார் புள்ளியக்கா, தாளை நீட்டி.

அவள் தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணை விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிற்றின் முடிச்சில் கைவைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன?"

"வாளியையும் கப்பையும் பக்கத்து ரூம் அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"திருப்பிக் கேளு."

"குடுத்தத எப்படிக் கேட்கறது அக்கா?"

"வா, நான் கேட்கறேன்" என்று புள்ளியக்கா பக்கத்து அறைக் கதவைத் தட்டினார்.